பம்பலப்பிட்டியில் ஒரு சம்பளக் கணக்குச் சேவை

கொழும்பு வெள்ளவத்தையில் எனக்குச் சின்னப் புடவைக்கடை. வேலைக்கு ஐந்து பிள்ளைகள். மூத்தவள் மூன்றாவது பிள்ளைக்கு முழுகாமல் இருப்பதாகச் சொன்னபோது, பழைய கணக்காளர் "பிரசவ விடுமுறை மூன்றாவதுக்கு 42 நாள்தான் அக்கா" என்றார். நானும் நம்பிவிட்டேன்.

இந்தச் சேவைக்கு மாறிய முதல் நாளே அது பிழை என்று விளங்கியது. சட்டத்தில் 2018இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிரசவம் என்றாலும் 84 நாள்தானாம். வார விடுமுறை, போயா, பொது விடுமுறை எதுவும் அதில் சேராது. அங்கிருந்த தங்கச்சி நாட்காட்டியை விரித்து ஒவ்வொரு நாளாக எண்ணிக் காட்டினாள். மூன்று மாதத்தைத் தாண்டிப் போனது.

அந்த நாட்களுக்கான முழுச் சம்பளமும் என் கையால்தான். ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் வேறு. பதிலுக்கு ஆள் வைத்தால் அந்தச் சம்பளமும் சேரும். இந்தச் செலவைப் பகிர ஒரு பொது நிதி இல்லாதது சின்னக் கடைக்காரருக்குப் பெரிய பாரம். ஆனால் பச்சை உடம்புக்காரியின் சம்பளத்தில் கைவைக்க எனக்கு மனமில்லை. எட்டு வருஷமாக என் கல்லாவைப் பார்த்தவள் அவள்.

மாதம் மாதம் எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதித் தந்தார்கள். அதுதான் பெரிய உதவி. குறை என்றால், தொலைபேசியை லேசில் எடுக்கமாட்டார்கள். சனிக்கிழமை காலையில் நேரே போங்கள்.