‘நீங்களே மாட்டலாம்’ டிரான்ஸ்ஃபர் கேஸ் கிட்: 41,600 ரூபாய் போச்சு, யாரும் வாங்காதீர்கள்

பழைய ஃபோர் வீல் பிக்கப் வைத்திருப்பவர்கள், அதிலும் டிரான்ஸ்ஃபர் கேஸை வீட்டிலேயே பிரித்து வேலை பார்க்கலாம் என்று நினைப்பவர்கள், யாருக்கும் பணம் அனுப்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். 41,600 ரூபாய். நேற்று இரவு கிட் விற்ற ஆள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். இதைத் தட்டும்போதும் கை நடுங்குகிறது.

எங்களுக்குக் கோத்தகிரிப் பக்கம் கொஞ்சம் தேயிலை. கொழுந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு தோட்டத்து மண் பாதையில் மேலே வர ஃபோர் வீல் இல்லாமல் முடியாது. கொஞ்ச நாளாகவே ஃபோர் வீல் போட்டு ஏறினால் அடியில் கடகடவென்று சத்தம். ஃபோர் லோ, அதாவது செங்குத்து ஏற்றத்துக்கான மெதுவான ஃபோர் வீல் கியர் போட்டால் லிவர் தானாக நியூட்ரலுக்கு நழுவும். ஆயிலை இறக்கிப் பார்த்தால் வெள்ளிப்பொடி தூவின மாதிரி மினுமினுப்பு. கியர்பாக்ஸிலிருந்து வரும் விசையை முன் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுப்பதுதான் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற இந்தப் பெட்டியின் வேலை. என் வண்டியில் அதை உள்ளே ஒரு அகலச் சங்கிலி செய்கிறது. அது தொய்ந்து பெட்டியின் உள்சுவரில் அடிக்கிறது என்பது வரை எனக்கே புரிந்தது. உள்ளூர் மெக்கானிக், கோயமுத்தூருக்குக் கொண்டுபோங்கள், இங்கே பிரிக்க ஆள் இல்லை என்றார். சரி, நாமே பார்ப்போம் என்று தேடினேன்.

அப்படிக் கிடைத்ததுதான் அந்தக் கடை. சமூக வலைத்தளப் பக்கம் வைத்து உதிரி பாகம் விற்கும் கூட்டம். பேரைப் போடவில்லை, நாளைக்கே வேறு பேரில் வருவார்கள். சங்கிலி, பேரிங், ஆயில் சீல், கியரை நகர்த்தும் கவையின் நுனியில் இருக்கும் ஃபோர்க் பேட் எல்லாம் சேர்த்து ஒரு கிட். “புதியவர்களும் வீட்டிலேயே மாட்டலாம், வீடியோ காலில் கூடவே இருப்போம், ஆறு மாத வாரண்டி.” இந்த மூன்று வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எப்படி நம்பினேன் என்று என் மனைவி கேட்கிறாள். முதல் நாள் போனிலேயே கடைக்காரன், “பெட்டி மேல ஒரு டேக் இருக்கும், துடைச்சு போட்டோ அனுப்புங்க அண்ணா, நம்பர் பார்க்காம நான் எதுவும் விற்கிறதில்ல” என்றான். நான் சத்தத்தைப் பற்றி மட்டும்தான் சொல்லியிருந்தேன். அவனாகவே, “ஃபோர் லோ போட்டா நழுவுதா? அப்ப ஃபோர்க் பேடும் போயிருக்கும்” என்றான். ஆயிலை இறக்கும் முன் மேலே இருக்கும் ஃபில்லர் போல்ட்டைத் தளர்த்திப் பாருங்கள், அது வராவிட்டால் திரும்ப ஊற்ற வழியில்லாமல் நிற்பீர்கள் என்றும் சொன்னான். எல்லாமே சரியான பேச்சு. ஏமாற்றுகிறவனுக்குத் தொழில் தெரியாது என்று யார் சொன்னது? தொழில் தெரிந்ததால்தான் 41,600 ரூபாயை ஒரே தவணையில் வாங்க முடிந்தது. யுபிஐயில் கடைப் பேர் வராமல் வேறு யாரோ பேர் வந்தது. கேட்டேன். “பார்ட்னர் அக்கவுண்ட் அண்ணா.”

பெட்டியை இறக்கும் வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. எங்கள் வாசல் சரிவு. பின் சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுபோகும் ஜாயிண்ட் ஷாஃப்டைக் கழற்றிவிட்டால் வண்டியைக் கியரில் போட்டு நிறுத்துவதற்கு அர்த்தமே இல்லை, எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடும். அதனால் ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பாமல் நாலு சக்கரத்துக்கும் கட்டை போட்டோம். ஷாஃப்ட் பூட்டும் இடங்களில் பெயிண்டால் அடையாளம் வைத்தேன், மாற்றிப் பூட்டினால் அதிர்வு வரும். நாற்பது கிலோ பக்கம் இருக்கும் பெட்டியை மச்சானும் நானும் ஜாக்கி வைத்து இறக்கி, மூட்டில் ஒட்டியிருந்த சீல் பேஸ்டைச் சுரண்டி, இரண்டு பாதியாகப் பிரித்துத் துணி மேல் வரிசையாக அடுக்கியாயிற்று.

அப்புறம் பார்சல் வந்தது. கறுப்பாகப் புதுச் சங்கிலி, பார்க்க அழகு. பழையதையும் அதையும் ஒரே ஆணியில் தொங்கவிட்டேன். இந்தச் சங்கிலி நீள்வது இரும்பு இழுபட்டு அல்ல. கண்ணிகளைக் கோத்திருக்கும் ஒவ்வொரு முளையும் (pin) கொஞ்சம் கொஞ்சம் தேய்ந்து, எல்லாம் கூடித் தொய்வாகிறது. அதனால் புதியது பழையதைவிடக் குட்டையாக இருக்க வேண்டும். கண்ணி எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றுதான். ‘புதியது’ ஒரு விரலகலம் நீளம்! என் வண்டிச் சங்கிலியைவிட அதிகம் ஓடித் தேய்ந்ததைக் கழுவி, சாயம் பூசி அனுப்பியிருக்கிறான். பேரிங் பெட்டியில் பெரிய கம்பெனி பேர், உள்ளே வளையத்தில் எண்ணைத் தேய்த்து அழித்த தடம். கையில் சுற்றினால் கரகரவென்றது. ஆயில் சீல் மட்டும் புதுசு. 41,600 ரூபாய்க்கு நாலு ஆயில் சீல்.

போட்டோ அனுப்பினேன். “ஆயில்ல ஓட ஆரம்பிச்சா செட் ஆயிடும் அண்ணா” என்று பதில். ஆயிலில் ஊறினால் சங்கிலி குட்டையாகுமாம்! விடாமல் கேட்டதும் அண்ணா சார் ஆனது. “பார்சல் பிரிக்கும்போது எடுத்த வீடியோ இருக்கா சார்?” இருந்தது, அனுப்பினேன். “கோடவுன்ல கேட்டுச் சொல்றோம் சார்.” சொல்லவில்லை. வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டால் ஒரு பெண் எடுத்தார், புகார் எண் வரும் என்றார், வரவில்லை. கடைசியாக வந்ததுதான் உச்சம்: “பதிவு பெற்ற ஒர்க்‌ஷாப்ல மெக்கானிக் பிரிச்சதுக்கு பில் இருந்தாத்தான் வாரண்டி சார். நீங்க வீட்ல பிரிச்சிருக்கீங்க.”

வீட்டிலேயே மாட்டலாம் என்று விளம்பரம் போட்டு விற்றவன் சொல்கிறான் இதை. புதியவர்களாகப் பார்த்து விற்பதே இதற்குத்தான். மெக்கானிக்கிடம் போனால் அவர் சங்கிலியைக் கையில் எடுத்ததுமே தூக்கி எறிவார். தெரியாதவன் பூட்டிவிடுவான், மறுபடி சத்தம் வந்தால் தன் கைவேலைதான் தப்போ என்று வாயை மூடிக்கொள்வான். அந்த 41,600-ஐ நினைத்தால் வயிறு எரிகிறது. வண்டி இன்னும் கட்டை மேல். கொழுந்து ஃபேக்டரிக்கு வாடகை வண்டியில் போகிறது, அந்தக் கணக்கு தனி.

எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. பேரிங்கையும் சீலையும் கிட்டாக வாங்காதீர்கள். பழையதில் இருக்கும் எண்ணைப் பார்த்து டவுன் பேரிங் கடையில் கேளுங்கள். 6207 என்றால் எங்கே வாங்கினாலும் உள்விட்டம் 35, வெளிவிட்டம் 72, அகலம் 17 மில்லிமீட்டர்தான். சங்கிலியை நேரில் பழையதோடு தொங்கவிட்டுப் பார்க்காமல் பணம் தராதீர்கள். பணம் போகும் கணக்கில் கடைப் பேர் வராவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். பார்சலை வீடியோ எடுத்தபடியே பிரியுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் 1915-க்குக் கூப்பிட்டு நுகர்வோர் புகார் பதியுங்கள், பண மோசடிக்கு 1930. விற்றவன் எந்த ஊரில் இருந்தாலும் 2019 நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணமும் கிடையாது. நான் ஊட்டியில் போடப் போகிறேன். இதே கிட்டை வாங்கியவர்கள் ரசீது, சாட் எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்து எனக்குத் தகவல் சொல்லுங்கள், சேர்ந்தே போடலாம்.