அரக்குவா, கோராபுட்டா: எந்த ஸ்டேஷனில் இறங்குவது?

விசாகப்பட்டினத்தில் காலையில் கிளம்பும் கிரந்துல் ரயில், மலையேறி முதலில் அரக்குவுக்கு வரும். ஆந்திரா முடிந்து ஒடிஷாவுக்குள் நுழைந்து, இன்னும் சில மணி நேரத்தில் கோராபுட் போய்ச் சேரும். மலை ஒன்றுதான், கிழக்குத் தொடர்ச்சி மலை. கதபா, கோண்டு, பொரஜா என்று அங்கே வாழும் மக்களும் எல்லையின் இரு பக்கமும் இருக்கிறார்கள். ஆனால் சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு இரண்டும் ஒன்றல்ல. லீவு குறைவு, இரண்டில் ஒன்றுதான் முடியும் என்கிறவர்களுக்காக இந்த அலசல்.

ரயில் பயணத்தைப் பொறுத்தவரை போட்டியே இல்லை. ஐம்பதுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள், பாலங்கள், பள்ளத்தாக்குகள் எல்லாம் பெரும்பாலும் அரக்குவுக்கு முன்பே வந்துவிடும். எங்கே இறங்கினாலும் அந்தக் காட்சி கிடைக்கும். 2017இல் கண்ணாடிக் கூரைப் பெட்டி வந்த பிறகு கூட்டம் அதைத்தான் தேடுகிறது. சாதாரணப் பெட்டியில் ஜன்னலோர சீட் கிடைத்தாலே போதும் என்பது என் கட்சி, காற்றும் வரும். இந்தப் பாதை சுற்றுலாவுக்காகப் போட்டதல்ல. சத்தீஸ்கரின் பைலாடிலாவில் வெட்டும் இரும்புத் தாதுவை ஜப்பானுக்கு ஏற்றுமதி செய்ய 1960களில் போட்டது. அதனால் இன்றும் சரக்கு வண்டிக்குத்தான் முதல் மரியாதை, நம் வண்டி ஓரமாக நின்று வழிவிடும். நேரக் கணக்கை இறுக்கிப் பிடிக்க வேண்டாம். இன்னொன்று: அரக்குவுக்கு முன்னால் வரும் சிமிலிகுடா, சுமார் 996 மீட்டர் உயரத்தில் இருக்கும் ரயில் நிலையம். கோராபுட் மாவட்டத்தில் செமிலிகுடா என்று ஒரு ஊர் உண்டு. டாக்சி பேசும்போது குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அரக்குவின் பலம் வசதி. போரா குகைகள், அனந்தகிரி காபித் தோட்டங்கள், பத்மாபுரம் தோட்டம், பழங்குடி அருங்காட்சியகம் எல்லாம் ஒரே வழியில் வரிசையாகக் கிடக்கின்றன. குழந்தைகளோடும் வயதானவர்களோடும் போகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. கோஸ்தனி ஆறு சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த போரா குகை, மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டாலும் பார்க்க வேண்டிய இடம். அருங்காட்சியகத்தில் மண் பொம்மைகள், கருவிகள், நகைகள் இருக்கின்றன. அரை மணி நேரம் போதும்.

சாப்பாட்டில் அரக்கு ஜெயிக்கும். சாலையோரத்தில் பச்சை மூங்கில் குழாய்க்குள் மசாலா தடவிய கோழியை அடைத்து, வாயை இலையால் மூடி, தணலில் புரட்டிப் புரட்டிச் சுடுகிறார்கள். எண்ணெய் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. மூங்கில் கருகியதும் இலையை உருவி, தட்டில் தட்டிக் கொட்டுகிறார்கள். அதன் பெயர் போங்குலோ சிக்கன். வரிசையாகக் கடைகள் இருந்தால், அப்போதுதான் நெருப்பில் வைத்த கடையில் நின்று காத்திருங்கள். ஏற்கெனவே வெந்து காத்திருப்பது வறண்டு போயிருக்கும்.

பழங்குடிப் பண்பாட்டைப் பார்க்க வருகிறவருக்கு அரக்கு தருவது திம்சா நடனம். பெண்கள் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் கை கோத்து, வரிசையாக வளைந்து நெளிந்து ஆடுவார்கள். ரிசார்ட்டில் சொன்னால் மாலையில் தீ மூட்டி ஏற்பாடு செய்துவிடுவார்கள். பாதியில் விருந்தினர்கள் உள்ளே புகுந்து ரீல்ஸ் எடுப்பார்கள், கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். இதைப் போலி என்று ஒதுக்க மாட்டேன். ஆடும் பெண்களுக்கு அது வருமானம், ஆட்டமும் அவர்களுடையதுதான். ஆனால் நாம் பார்ப்பது நமக்காகப் போட்ட நிகழ்ச்சி. அதே ஆட்டம் ஏப்ரலில் இட்டுகுல பண்டிகையின்போது அவர்கள் ஊரில் அவர்களுக்காக நடக்கும்.

கோராபுட்டில் நமக்காக யாரும் எதையும் போட்டு வைக்கவில்லை. அதுதான் அதன் குறை, அதுவே அதன் ருசி. நகரத்தில் பார்க்க சபர ஸ்ரீக்ஷேத்திரம் எனப்படும் ஜகந்நாதர் கோயில் உண்டு. பக்கத்திலேயே ஒரு பழங்குடி அருங்காட்சியகம். மற்றதெல்லாம் வெளியே, தூரத் தூரத்தில். 1,672 மீட்டர் உயரமுள்ள தேவ்மாலி, ஒடிஷாவின் மிக உயர்ந்த சிகரம். மச்குண்ட் ஆற்றில் துடுமா அருவி. காட்டுக்குள் சுண்ணாம்புக் குகையில் குப்தேஸ்வரர். இந்தக் கடைசி இடத்துக்கு மட்டுமே ஜெய்ப்பூரிலிருந்து ஒரு நாள் போய்விடும் (ராஜஸ்தான் ஜெய்ப்பூர் இல்லை, இது மாவட்டத்தின் பெரிய ஊர்). கார் வாடகைக்கு எடுக்காமல் ஒன்றும் நடக்காது.

ஆனால் கோராபுட்டுக்குப் போக வேண்டியது அருவிக்காக அல்ல, சந்தைக்காக. வியாழக்கிழமை ஒனுகுடேலி, வெள்ளிக்கிழமை குந்துலி. கிழமையைப் பார்த்து டிக்கெட் போடுங்கள். நாள் தவறினால் பயணத்தில் பாதி போச்சு. குந்துலியில் இஞ்சி மூட்டைகள், கேழ்வரகுக் குவியல், கருவாடு, மண்பானை, ஆடு, மாடு என்று ஒரு பெரிய மேடு முழுக்க விரிந்திருக்கும். மூக்கில் மூன்று வளையம் போட்ட கோண்டுப் பெண்கள் காய்கறி விற்றுவிட்டு, உப்பும் எண்ணெயும் வாங்கிக்கொண்டிருப்பார்கள். ஓரத்தில் அலுமினியப் பானைகளோடு உட்கார்ந்திருப்பவர்கள் லண்டா விற்கிறார்கள். தானியத்தைப் புளிக்க வைத்த கள் அது, இலைத் தொன்னையில் ஊற்றித் தருவார்கள். வெளியூர்க்காரன் அங்கே வேடிக்கை பார்க்கிறவன் மட்டும்தான். வியாபாரம் நம்மைக் கண்டு நிற்காது.

ஒனுகுடேலிக்கு மலையிறங்கி வரும் போண்டா மக்கள் பக்கத்து மால்கான்கிரி மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். கழுத்து நிறைய உலோக வளையமும் மணிமாலைகளும் அணிந்த அந்தப் பெண்களைப் படம் எடுக்கத்தான் பலர் அந்தச் சந்தைக்கே போகிறார்கள். தயவுசெய்து கேமராவைப் பையில் வையுங்கள். அவர்கள் வந்தது பண்டம் விற்க. வேண்டுமானால் ஒரு துடைப்பமோ கிழங்கோ வாங்குங்கள், பேச்சு தானாக வரும். கதபா ஊர்களுக்குப் போனால் மரத்தடியில் வட்டமாக நட்டும் கிடத்தியும் வைத்த கற்கள் இருக்கும். முன்னோர்களுக்கான கற்கள் அவை, ஊர்ப் பெரியவர்கள் கூடும் இடமும் அதுதான். களைப்பாக இருக்கிறதே என்று ஏறி உட்கார்ந்துவிடாதீர்கள்.

காபியில் அரக்குவின் பெயர் பாரிஸ் வரை போயிருக்கிறது. 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கோராபுட்டிலும் காபி உண்டு, நன்றாகவே இருக்கிறது. ஆனால் கோராபுட்டின் பெருமை நெல். அங்குள்ள பாரம்பரிய வேளாண்மையை 2012இல் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு உலக மரபாக அங்கீகரித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட நெல் வகைகளைக் காத்த பழங்குடி விவசாயி கமலா பூஜாரி, 2019இல் பத்மஸ்ரீ பெற்றவர், இந்த மண்ணுக்காரர். நம் சென்னையின் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஜெய்ப்பூரில் மையம் வைத்து நீண்ட காலம் இந்தப் பகுதி விவசாயிகளோடு வேலை செய்திருக்கிறது. வீட்டுக்கு வாங்கிவர காளாஜீரா அரிசியைச் சொல்வேன். சின்ன மணி, நல்ல வாசனை. அங்கேயே குடிக்க மண்டியா பேஜ் என்கிற கேழ்வரகுக் கூழ். நம் ஊர் ஆடிக்கூழ் குடித்தவர்களுக்கு அறிமுகமே தேவையில்லை.

நிலம் யாருடையது என்ற கேள்வி இரண்டு பக்கமும் கூடவே வரும். ஆந்திரப் பழங்குடிப் பகுதிகளில் பழங்குடி அல்லாதவர் நிலம் வாங்க முடியாதபடி 1970இலேயே விதி இருக்கிறது. போரா பகுதிச் சுரங்கக் குத்தகைகள் தொடர்பான சமதா வழக்கில், இந்நிலங்களைத் தனியார் சுரங்கத்துக்குத் தரக் கூடாது என்று 1997இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தங்குமிடம் தேடும்போது, உள்ளூர்ப் பழங்குடிக் குடும்பம் நடத்தும் வீடா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். ஒடிஷா பக்கம் தாமன்ஜோடி வழியாகப் போனால் அலுமினியத் தாதுவான பாக்சைட்டின் செம்மண் கண்ணில் படும். பக்கத்து ராயகடாவில்தான் நியாம்கிரி. 2013இல் பன்னிரண்டு கிராம சபைகளும் ஒரே குரலில் சுரங்கம் வேண்டாம் என்று சொன்ன மலை.

பாதுகாப்பு பற்றிக் கேட்பவர்கள் கோராபுட் என்றால்தான் பயப்படுகிறார்கள். ஆனால் 2018இல் மாவோயிஸ்டுகள் எம்.எல்.ஏ.வைச் சுட்டுக் கொன்றது அரக்குப் பக்கம்தான். இரண்டு இடங்களுக்கும் ஒரே விதி: உள்காட்டு ஊர்களுக்கு உள்ளூர்க்காரர் துணையோடு போங்கள், இருட்டும் முன் திரும்புங்கள். கொசுவலையும் கொசுத் தைலமும் கோராபுட்டுக்குக் கட்டாயம். அது மலேரியாப் பகுதி.

என் தீர்ப்பு: குடும்பத்தோடு இரண்டு நாள் என்றால் யோசிக்காமல் அரக்கு. விசாகப்பட்டினம் போய்வரும் பயணம் போக நான்கு நாள் இருந்து, பொறுமையும் இருந்தால், போகும்போது அரக்குவில் இறங்காதீர்கள். சென்னையிலிருந்து செவ்வாய் காலை கோரமண்டலில் ஏறினால் இரவு விசாகப்பட்டினம். புதனன்று நேராகக் கோராபுட் போய், வியாழன் ஒனுகுடேலி, வெள்ளி குந்துலி என்று சந்தைகளை முடித்துவிட்டு, திரும்பி வருகிற வழியில் அரக்குவில் ஒரு ராத்திரி தங்கி மூங்கில் கோழி சாப்பிடுங்கள். நவம்பர், டிசம்பர் என்றால் வயல்களில் பேயெள் என்கிற எண்ணெய் வித்துப் பயிர் மஞ்சளாகப் பூத்திருக்கும், குளிரும் நன்றாக இருக்கும். மழைக்காலத்தில் மலை பச்சையாக இருக்கிறது என்று ஆசைப்பட்டுப் போனால், மண்சரிவில் ரயில் நின்றுவிடும் வாய்ப்பு உண்டு. ஆகவே முந்தைய நாளே வண்டி ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.