ஆரி வகுப்புக்குப் பணம் கட்டும் முன் துணியின் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்

"பத்தே நாளில் ஆரி ஒர்க், கூடவே துணி பழுதுபார்த்தல், அரசு அங்கீகாரச் சான்றிதழ், வீட்டிலிருந்தே வருமானம்." இந்த விளம்பரத்தை நம்பி ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்த பெண்கள், அங்கே தைத்த பிளவுஸ் துணிகளைச் சரிசெய்து தரும்படி எங்களிடம் கொண்டுவருகிறார்கள். கட்டணம் 3,500 ரூபாய், ஊசி, வளையம், நூல் அடங்கிய கிட்டுக்குத் தனியாக 1,800. இதே பாணியில் பல ஊர்களில் வகுப்பு நடக்கிறது, அதனால் பெயரைச் சொல்வதைவிட ஏமாற்று எங்கே இருக்கிறது என்று காட்டுவதுதான் உதவும்.

துணியின் முன்பக்கம் பளபளவென்றுதான் இருக்கிறது. திருப்பிப் பார்த்தால் அங்கங்கே நூல் வால்கள் தொங்குகின்றன. ஒரு வாலைப் பிடித்து இழுத்தால் கழுத்தோரத்துச் செயின் ஸ்டிச் முழுக்கச் சரசரவென்று உருவிக்கொண்டு வருகிறது. ஆரி என்பது நுனியில் கொக்கி உள்ள ஊசியால், ஒரே நூலில் கண்ணிக்குள் கண்ணியாகப் போகும் தையல். கடைசிக் கண்ணியைப் பூட்டாவிட்டால் மொத்த வரிசையும் பிரிந்துவிடும். முதல் நாளே சொல்லித்தர வேண்டிய அந்தப் பூட்டை இவர்களில் ஒருவருக்கும் சொல்லித்தரவில்லை.

செய்முறை இதுதான். வரிசை முடியும் இடத்தில் இரண்டு மூன்று மிகப் பொடியான தையல் போடுங்கள், அதில் ஒன்று பின்னோக்கி இருக்கட்டும். கடைசிக் கண்ணியை இரண்டு அங்குலம் மேலே இழுத்து, துணிக்குக் கீழே நூலை வெட்டுங்கள். கண்ணியை மேலும் இழுத்தால் நூலின் வால் மேலே வந்துவிடும். அந்த வாலை முந்தைய கண்ணிக்கு வெளியே, அதை ஒட்டியபடி ஒரு குத்துப் போட்டுப் பின்பக்கம் இறக்கி முடிச்சிட வேண்டும். வால் வந்த ஓட்டை வழியாகவே திரும்ப இறக்கினால் பூட்டு விழாது. மணி கோக்கும் வரிசையில் கடைசியில் மட்டும் பூட்டினால் போதாது, ஐந்தாறு மணிக்கு ஒருமுறை பூட்ட வேண்டும். இல்லையென்றால் ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் கைநிறைய மணி கொட்டும்.

இதை ஏன் விட்டுவிடுகிறார்கள்? பூட்டு கைக்கு வர ஒவ்வொருவரின் விரலையும் பக்கத்தில் இருந்து பார்த்துத் திருத்த வேண்டும். நாற்பது பேரை வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து வீடியோ அனுப்புகிறவரால் அது முடியாது. அதனால் பார்த்தவுடன் கண்ணைப் பறிக்கிற டிசைன்களுக்குத் தாவிவிடுகிறார்கள். குந்தன் கல்லைப் பசையால் ஒட்டிவிட்டு, சுற்றி மணியோ ஜர்தோசி என்கிற சுருள் உலோகக் கம்பியோ வைத்துத் தைக்காமல் "முடிந்தது" என்கிறார்கள். பசையை மட்டும் நம்பிய கல் துவைப்பிலும் இஸ்திரிச் சூட்டிலும் விழுந்துவிடும்.

கிட்டில் இருந்த மர வளையம் வழவழப்பாக, துணி சுற்றாமல் வந்திருக்கிறது. உள்வளையத்தில் பருத்தி நாடாவை நெருக்கமாகச் சுற்றினால்தான் துணி நழுவாமல் மேளத்தோல்போல விறைத்து நிற்கும். தொய்ந்த துணியில் கொக்கி மாட்டி இழையைக் கிழிக்கும், பழகுகிறவரோ தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். ஊசியில் கொக்கி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதற்கும் அடையாளம் இல்லை. கைப்பிடியில் திருகு இருந்தால் அது கொக்கியின் பக்கமே இருக்க வேண்டும். திருகு இல்லாத ஊசியில் அந்தப் பக்கமாக நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வையுங்கள். கீழே நூலைச் சுற்றியதும் ஊசியை அரைச் சுற்றுத் திருப்பி, முதுகுப் பக்கத்தைத் துணியில் லேசாக அழுத்தியபடி மேலே எடுத்தால் கொக்கி மாட்டாது.

நூலுக்குச் சுத்தப் பட்டு என்று விலை போட்டிருக்கிறார்கள். ஒரு துண்டைக் கொளுத்திப் பாருங்கள். பட்டு முடி கருகும் வாடை அடித்து, நசுக்கினால் பொடியாகும் சாம்பலைத் தரும். விஸ்கோஸ் என்கிற செயற்கைப் பட்டு காகிதம்போல எரியும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான உருண்டையாகும். பழகுவதற்கு விஸ்கோஸே போதும், ஆனால் அதைப் பட்டு விலைக்கு விற்பது மோசடி.

பழுதுபார்த்தல் பகுதியில் இஸ்திரிப்பெட்டியால் ஒட்டும் பேட்ச் மட்டும்தான். ரஃபு, அதாவது ஓட்டையை இழையாலேயே பின்னி அடைக்கும் வேலை என்று சொல்லிப் பணம் வாங்கிவிட்டு இதைக் கொடுத்திருக்கிறார்கள். ரஃபு செய்ய அதே உடுப்பின் உள்தையல் ஓரத்திலிருந்து இழை உருவ வேண்டும். ஓட்டைக்கு வெளியே ஒரு சென்டிமீட்டர் தள்ளி, நல்ல துணியில் தொடங்கி நெடுக்கில் இழைகளை ஓட்டி, பிறகு குறுக்கே ஒன்றுக்கு மேலும் அடுத்ததற்குக் கீழுமாகப் பின்னவேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் சின்னக் கண்ணி விடாவிட்டால், துவைத்ததும் இழை சுருங்கி அந்த இடம் கொசகொசவென்று இழுத்துக்கொள்ளும்.

சான்றிதழில் எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) முத்திரை இருக்கிறது. அது அந்த நிலையம் அரசின் தொழில் பதிவுத் தளமான உத்யமில் ஒரு தொழிலாகப் பதிவாகியிருப்பதை மட்டும் காட்டும். அந்தப் பதிவு இலவசம், யாருக்கும் பாடத்தைச் சான்றளிக்கும் உரிமையைத் தருவதில்லை. அடுத்து "ஆர்டர் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்" என்பார்கள். தைத்துக் கொடுத்ததும் தரமில்லை என்று திருப்பிவிட்டு முன்பணத்தையும் வைத்துக்கொள்வார்கள். வேலை தருகிறவர் உங்களிடம் பணம் கேட்டால் அங்கேயே விலகிவிடுங்கள்.

சேரும் முன் மாணவி ஒருவர் தைத்த துணியைக் கேட்டு வாங்கி, பின்பக்கத்தைப் பார்த்து, ஒரு வாலை இழுத்துப் பாருங்கள். காட்ட அவர்கள் தயங்கினால் சேராமல் திரும்பி வந்துவிடுங்கள். வங்கிகள் நடத்தும் கிராமியச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி மையங்களில் கட்டணமே இல்லை. உங்கள் மாவட்ட மையத்தில் எம்ப்ராய்டரி வகுப்பு எப்போது என்று முதலில் விசாரியுங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் ரசீது, விளம்பரப் படம், உரையாடல் எல்லாவற்றையும் சேமித்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. ஆன்லைனில் பணம் வாங்கிவிட்டு ஆளே காணாமல் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

பூட்டாமல் தைத்த துணி கையில் இருந்தால் துவைக்கவும் வேண்டாம், டெய்லரிடம் வெட்டக் கொடுக்கவும் வேண்டாம். திருப்பிப் போட்டு, சன்னமான கைத்தையல் ஊசியில் அதே நிற நூல் கோத்து, ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் வாலையும் கடைசிக் கண்ணியையும் சேர்த்து மூன்று பொடித் தையல் போட்டு முடிச்சிடுங்கள். வேலைப்பாட்டுக்கும் டெய்லரின் தையல் கோட்டுக்கும் நடுவே அரை அங்குலமாவது இருக்கிறதா என்று பார்த்த பிறகு வெட்டக் கொடுக்கலாம்.