லைசென்ஸ், ஆர்சி தேவையில்லாத ஸ்கூட்டர் என்று நம்பி 72,000 ரூபாயைத் தொலைத்தேன்

நேற்று மாலை நடந்தது. இன்னும் மனசு ஆறவில்லை.

இரண்டு மாதம் முன்பு என் மகளுக்கு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கினேன். பிளஸ் ஒன் படிக்கிறாள், 16 வயது. டியூஷன் முடிந்து இருட்டில் பஸ்ஸுக்கு நிற்க வேண்டாமே என்றுதான். பல கம்பெனி வண்டிகளை வரிசையாக நிறுத்தி விற்கும் கடை. விலை 72,000 ரூபாய். சீட்டு எடுத்த பணம்.

"லைசென்ஸ் வேண்டாமா?" என்று மூன்று தடவை கேட்டேன். கடைக்காரர் நாற்காலி போட்டு உட்காரவைத்து, "அக்கா, 250 வாட்டுக்குள்ள மோட்டார், 25 கிலோமீட்டருக்குள்ள வேகம். சட்டப்படி இது மோட்டார் வாகனமே கிடையாது. என் பொண்ணும் இதுலதான் ஸ்கூலுக்குப் போறா" என்றார். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். அப்படி ஒரு விதி உண்மையாகவே இருக்கிறது. அதோடு அவர் தன் பெண்ணைச் சொன்னதும் எனக்குச் சந்தேகமே போய்விட்டது. மறுநாளே பணத்தைக் கட்டினேன்.

வண்டியில் மூன்று மோடு. மூன்றாவது மேம்பாலம் ஏற மட்டும் என்றார். நேற்று சோதனையில் மகளை நிறுத்திய எஸ்.ஐ., ஒரு காவலரை அந்த மோடில் ஓட்டச் சொல்லி, பக்கத்திலேயே தன் பைக்கில் போய்ப் பார்த்தார். 45. பின் சக்கர மோட்டாரில் ஒட்டியிருந்த '250 வாட்' ஸ்டிக்கரை உரித்தால் அடியில் 1000 வாட் என்று பொறித்திருக்கிறது!

அப்படியானால் அது முழு மோட்டார் வாகனம். பதிவு, இன்சூரன்ஸ், லைசென்ஸ் எல்லாம் வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் 18 வயது ஆகாத பிள்ளை ஓட்டினால் பெற்றவர்களுக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் என்று 2019 சட்டத் திருத்தம் சொல்கிறது. வண்டி இப்போது ஸ்டேஷனில் நிற்கிறது. இன்சூரன்ஸே இல்லாத வண்டியில் என் பிள்ளை யாரையாவது இடித்திருந்தால்? அதை நினைத்து ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

காலையில் கடைக்குப் போனேன். முதலில் "ஓனர் வெளியூர் போயிருக்கார்". உள்ளேதான் இருந்தார். அப்புறம் "நீங்கதான் வெளியே குடுத்து மோட்டாரை மாத்தியிருப்பீங்க". கடைசியில் "கம்பெனியைக் கேளுங்க". கம்பெனி நம்பரை யாரும் எடுக்கவே இல்லை. பில்லில் 'இ-பைக் 1, ரூ. 72,000' என்று மட்டும்தான் இருக்கிறது. மோட்டார் எண் இல்லை, சேசிஸ் எண் இல்லை. அன்று அக்கா என்றவர் இன்று "மேடம், கஸ்டமர் நிக்கிறாங்க, கொஞ்சம் வழி விடுங்க" என்கிறார். 72,000 ரூபாய் வாங்கிக்கொண்டு!

வாங்கப் போகிறவர்களுக்கு விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. பில்லில் மோட்டார் எண், சேசிஸ் எண், வாட் மூன்றையும் எழுதி வாங்குங்கள். அந்த மாடலுக்கு ஏஆர்ஏஐ போன்ற சோதனை அமைப்பு கொடுத்த சான்றின் நகலைக் கேளுங்கள். எல்லா மோடிலும் ஓட்டிப் பாருங்கள், 25-ஐத் தாண்டினால் வாங்காதீர்கள். எந்த வண்டியானாலும் பிள்ளைக்கு ஹெல்மெட் போட்டு அனுப்புங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்துவிட்டேன். இதே மாதிரி ஸ்டிக்கர் ஒட்டிய வண்டி உங்களிடம் இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். புகாரோடு சேர்க்க வேண்டும்.