படுக்கவைத்துப் பிடிக்கும் டேப்பா, ஸ்கேனா?

டெல்டா கிராமங்களில் தென்னையிலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு வீடு தேடிச் சென்று பிசியோதெரபி அளிக்கும்போது, "காலெல்லாம் வத்திப்போச்சு, வயிறு மட்டும் ஏன் சார் இப்படிப் போடுது?" என்ற கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் வருகிறது. அந்த வயிற்றில் கொழுப்பு எவ்வளவு, செயலிழந்த வயிற்றுத் தசையின் தளர்ச்சி எவ்வளவு என்பதை அறியச் சில வழிகள் உண்டு. எல்லாம் ஒரே தரத்தவை அல்ல.

உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. எண் எனக்கு நம்பிக்கை தருவதில்லை. கால் தசை கரைந்த இடத்தில் கொழுப்பு சேர்வதால் எடை கூடாமலே உடல் கொழுத்துவிடும். தண்டுவடம் பாதித்தவர்களுக்கு உடல் பருமன் எனக் கொள்ளும் பி.எம்.ஐ. எல்லையை 22 எனக் குறைத்துக்கொள்ளும்படி ஆய்வாளர்கள் சொன்னதும் இதனால்தான்.

தோலுக்கடியில் உள்ள கொழுப்பையும் குடலைச் சூழ்ந்த கொழுப்பையும் தனித்தனியே காட்டுபவை சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன்கள். ஆபத்தானது இரண்டாவது வகை என்பதால் துல்லியத்தில் இவற்றுக்கு ஈடில்லை. ஆனால் சி.டி.யில் கதிர்வீச்சு உண்டு; எம்.ஆர்.ஐ.யில் அது இல்லையென்றாலும் முதுகில் பொருத்திய உலோகக் கம்பி படத்தைச் சிதைக்கக்கூடும். எலும்பையும் கொழுப்பையும் அளக்கும் டெக்சா என்ற எக்ஸ்ரே ஸ்கேனில் கதிர்வீச்சு மிகக் குறைவு, எனினும் குடல் கொழுப்பை அது கணக்கிட்டே சொல்கிறது. தசை இறுக்கத்தால் கால் துள்ளினால் படமும் கெடும். எதுவானாலும், உட்கிராமத்திலிருந்து வேன் பிடித்து, இருவர் தூக்கி ஏற்றித் தஞ்சாவூர் வரை போய்வரும் பயணத்தில் புட்டத்துத் தோல் புண்ணாகிவிடுமோ என்ற கவலை எனக்கு உண்டு.

ஆகவே மாதாமாதம் பார்ப்பதற்கு, வயிற்றுச் சுற்றளவை அளக்கும் டேப்பையே நான் தேர்வேன். உட்கார வைத்து அளக்கக் கூடாது. தசையின் பிடிமானம் இல்லாத வயிறு முன்னே சரிந்து பொய்யளவு காட்டும். காலையில் மலம் கழிந்து, குழாய் வைத்துச் சிறுநீரையும் வெளியேற்றிய பின் மல்லாந்து படுக்கவைத்து, கடைசி விலா எலும்புக்குச் சற்றுக் கீழே பேனாவால் குறித்து, மூச்சை விட்டு முடித்த கணத்தில் எண்ணைப் படிக்க வேண்டும். முதுகுக்கடியில் டேப்பை இழுக்காமல், ஆளை ஒருக்களித்துப் புரட்டி வைப்பது முக்கியம். உணர்ச்சியற்ற தோல் உராய்வதை அவரால் சொல்ல இயலாது.

தண்டுவடம் பாதித்த ஆண்களின் வயிற்றுச் சுற்றளவுக்கு 94 செ.மீ. என்ற எல்லை முன்வைக்கப்பட்டுள்ளது. நான் அதற்காகக் காத்திருப்பதில்லை. அதே சுற்றளவுள்ள மற்றவரைவிட இவர்களுக்குக் குடல் கொழுப்பு அதிகம் என்பதோடு, நம் நாட்டு ஆண்களுக்குப் பொதுவான எல்லையே 90தான். திருவையாறு பக்கம் ஒரு வீட்டில் அக்கா ஒருவர் தம் கணவரின் அளவைக் காலண்டரில் குறித்துவந்தார்: 86, 87, 89. அந்தத் தாள்களை மருத்துவரிடம் காட்டியதும், அவர் ஸ்கேன் ஏதும் கேட்காமல், சர்க்கரைக்கும் ரத்தக் கொழுப்புக்கும் சோதனை எழுதிக் கொடுத்தார்.