இறால் ஓடு, முருங்கை விதை, கடற்பாசி: உலோக நானோ துகள்களை நீரிலிருந்து பிரிப்பது எது?

வெள்ளி, துத்தநாக ஆக்சைடு, செம்பு ஆக்சைடு ஆகியவற்றின் நானோ துகள்கள் இன்று கிருமி எதிர்ப்புத் துணிகளிலும் வெயில் தடுப்புக் களிம்புகளிலும் வண்ணப்பூச்சுகளிலும் சேர்க்கப்படுகின்றன. துவைத்த நீரோடும் பட்டறைக் கழிவோடும் அவை சாக்கடையில் கலக்கின்றன. வடசென்னையில் அந்த நீர் பக்கிங்காம் கால்வாய்க்கும் எண்ணூர் முகத்துவாரத்துக்கும் போய்ச் சேரும் என்பதால், இது எங்களுக்குத் தொலைதூர ஆய்வகச் செய்தி அல்ல. 1 முதல் 100 நானோமீட்டர் அளவே உள்ள இத்துகள்கள், ஒரே வகை மின்னூட்டத்தால் ஒன்றையொன்று விலக்கியபடி நீரிலேயே மிதந்திருக்கும். சாதாரண மணல் வடிகட்டியில் பெரும்பாலும் சிக்காது. படிகாரம் இவற்றைத் திரட்டிவிடும் என்றாலும், நீரின் பிஎச் அளவைக் குறைத்து, அலுமினியம் கலந்த கசடையும் மிகுதியாகத் தரும். அதனால்தான் இயற்கைப் பாலிமர்களை, அதாவது நீண்ட சங்கிலி மூலக்கூறுகளை, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் கைட்டோசான். காசிமேட்டில் இறால் உரிக்கும் இடங்களில் குவியும் ஓட்டை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்தால் சுண்ணாம்பு நீங்கும். நீர்த்த காரத்தில் புரதம் நீங்கும். எஞ்சும் கைட்டினை அடர் சோடியம் ஹைட்ராக்சைடில் சூடாக்கினால் கைட்டோசான் கிடைக்கும். அதன் அமினோ தொகுதிகள் ஏறத்தாழ 6.5-க்குக் கீழான பிஎச் அளவில் நேர்மின்னூட்டம் பெறுகின்றன. சிட்ரேட் (சிட்ரிக் அமிலத்தின் உப்பு) பூசிய வெள்ளித் துகள் எதிர்மின்னூட்டம் உடையது. ஆகவே நீண்ட கைட்டோசான் சங்கிலி ஒன்று பல துகள்களை ஒருசேரப் பற்றி, கண்ணுக்குத் தெரியும் திரளாக்கி, அடியில் படியச் செய்கிறது. செம்பாக இருந்தால் இன்னொரு நன்மையும் உண்டு: துகளிலிருந்து கரைந்து வெளிவரும் செம்பு அயனியையும் அதே அமினோ தொகுதிகள் பிணைத்துக்கொள்ளும். குறை என்னவென்றால், தேவைக்கு மிஞ்சிச் சேர்த்தால் துகள்கள் நேர்மின்னூட்டத்துக்கு மாறி மறுபடியும் மிதக்கத் தொடங்கிவிடும். எனவே அளவைக் கண்ணால் மதிப்பிடாமல், ஆறு ஜாடிகளில் வெவ்வேறு அளவு சேர்த்து, சிறிது நேரம் வேகமாகவும் பின்னர் மெதுவாகவும் கலக்கி, தெளியவிட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும்.

முருங்கை விதையின் ஆற்றல் அதிலுள்ள நேர்மின் புரதத்தில் இருக்கிறது. அந்தப் புரதத்தின் சமமின் புள்ளி, அதாவது அதன் நிகர மின்னூட்டம் சுழியாகும் பிஎச் அளவு, 10-க்கு மேல் என்பதால், கைட்டோசான் தளர்ந்துபோகும் நடுநிலை நீரிலும் அது வேலை செய்யும். எண்ணெய் ஆட்டிய பின் எஞ்சும் பிண்ணாக்கே போதுமானது என்பது அதன் பெரிய கவர்ச்சி. ஆனால் விதைத் தூளை அப்படியே கலந்தால் புரதம் தவிர்த்த பிற கரிமப் பொருள்களும் நீரில் தங்கி, வைத்திருந்த நீர் நாற்றமெடுக்கும். வீட்டுக் குடத்துக் கலங்கலைத் தெளியவைக்க நான் இதைத் தயங்காமல் சொல்வேன். உலோகத் துகளுக்கு, புரதத்தைப் பிரித்தெடுத்துப் பயன்படுத்தினால் மட்டுமே சொல்வேன். தேற்றான்கொட்டையின் பாலிசாக்கரைடும் இதே கலங்கல் வேலைக்குரியதுதான்.

மன்னார் வளைகுடாப் பக்கம் கிடைக்கும் சர்காசம் போன்ற பழுப்புக் கடற்பாசியிலிருந்து வரும் ஆல்ஜினேட்டின் குணம் நேர் எதிரானது. அது எதிர்மின்னூட்டம் கொண்டது; கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டவிட்டால் மணிகளாகத் திரளும். சிட்ரேட் பூசிய வெள்ளித் துகளை அது விலக்கும் என்றாலும், கரைந்த வெள்ளி, துத்தநாக அயனிகளை நன்றாகப் பிடிக்கும். பலரும் கவனிக்கத் தவறும் ஒன்று இங்கே உண்டு: மேற்பூச்சு இல்லாத துத்தநாக ஆக்சைடு, ஏறத்தாழ 9 வரையான பிஎச் அளவில் நேர்மின்னூட்டம் உடையது. அதற்குக் கைட்டோசானைக் கொட்டுவது வீண், ஆல்ஜினேட்டே ஏற்றது. அதே துகள் சாக்கடையின் கரிமப் பொருளைப் போர்த்திக்கொண்டால் எதிர்மின்னூட்டத்துக்கு மாறும், அப்போது கைட்டோசானுக்கே வேலை. பொருளின் பெயரை மட்டும் பார்த்துப் பாலிமரைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதனால்தான் ஏமாறுகிறார்கள்.

எண்ணூர் உப்பங்கழி நீரில் கணக்கே வேறாகிவிடுகிறது. உப்பு மிகுந்தால் துகள்களின் விலக்கு விசை மங்கி, அவை தாமாகவே திரளும். வெள்ளியின் ஒரு பகுதி குளோரைடாக மாறும். ஆல்ஜினேட் மணியிலுள்ள கால்சியத்தைச் சோடியம் வெளியேற்றுவதால் மணி உப்பிக் குலையும். ஆகவே கழிமுகத்தில் நின்று பிடிக்க முயல்வதைவிட, உப்பு நீரில் கலப்பதற்கு முன், பட்டறையின் கழிவுநீர்த் தொட்டியிலேயே பிடிப்பதுதான் சரி. உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுக்கான பொது விதி லிட்டருக்குச் செம்பு 3, துத்தநாகம் 5 மில்லிகிராம் என வரம்பிடுகிறது, பிஎச் 5.5 முதல் 9 வரை இருக்கலாம். இதில் அமிலப் பக்கம் சாய்ந்த நீருக்குக் கைட்டோசான் மிகப் பொருத்தம்.

என் தேர்வு இதுதான்: வெள்ளிக்கும் செம்புக்கும் முதலில் கைட்டோசான், அதன்பின் கரைந்த அயனிகளுக்காக ஆல்ஜினேட் மணிகள் நிரப்பிய குழாய். 2013-இல் சென்னை ஐஐடியில் பேராசிரியர் பிரதீப்பின் குழு, கைட்டோசானும் அலுமினியம் ஆக்சிஹைட்ராக்சைடும் சேர்ந்த கலவையில் வெள்ளி நானோ துகள்களைப் பொதிந்து குடிநீர் சுத்திகரிப்புப் பொருள் உருவாக்கியதாக வெளியிட்டது. துகளைப் பிடித்துவைக்கும் திறன் இந்தப் பாலிமருக்கு உண்டு என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

திரண்ட கசட்டில் உலோகம் அப்படியே இருக்கும் என்பதால், பாலிமர் மட்கக்கூடியது என்று சொல்லி அதை வயலில் கொட்டக் கூடாது. கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயக் கழிவுத் தளத்துக்கே அனுப்ப வேண்டும். கைட்டோசான் காய்ச்சிய காரநீரையும் அப்படியே வெளியே விடக் கூடாது. அதை நடுநிலையாக்கும் தொட்டி அமையாத வரை, காசிமேட்டில் ஓட்டைக் காயவைப்பதோடு நிறுத்திக்கொண்டு, காய்ச்சும் வேலையை அத்தகைய தொட்டி உள்ள தொழிற்பேட்டைக்கு எடுத்துச்செல்வதே மீனவக் குடியிருப்புகளுக்குச் செய்யும் நியாயம்.