ஸ்காபரோவில் நூலக அட்டையோடு சில கோடைகள்

கனடாவின் ரொறன்ரோ நகரப் பொது நூலகத்தின் அட்டை, நகரத்தின் கிழக்குப் பக்கமான ஸ்காபரோவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து பத்து வருஷம் தாண்டிவிட்டது. புதிதாக வந்த குடும்பங்கள் இன்னமும் "காசு கட்டவேணுமோ?" என்று கேட்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நகரத்தில் குடியிருந்தாலோ, வேலை செய்தாலோ, படித்தாலோ அட்டை இலவசம். நூறு கிளைகளிலும் அதே அட்டைதான். 2022 மார்ச்சுக்குப் பிறகு புத்தகத்தைப் பிந்திக் கொடுத்தாலும் தண்டப்பணம் இல்லை. தொலைத்தால்தான் விலை கேட்பார்கள்.

யூன் கடைசியில் பள்ளிக்கூடம் மூடும். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் செப்டெம்பர் வரைக்கும் பிள்ளைகளை எப்படி மேய்ப்பது என்பது பெரிய தலையிடி. சமர் காம்ப் என்கிற கோடை முகாமுக்குக் கொடுத்துக் கட்டாது. நூலகம் அந்தத் தலையிடியை முழுதாகத் தீர்க்கும் என்று நான் சொல்லமாட்டேன், சின்னப் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகிற இடம் அது இல்லை. ஆனால் அங்கே நடக்கும் கோடைகால வாசிப்புக் கழகத்துக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரை செய்வேன். டிடி வங்கியின் ஆதரவில் கனடா முழுக்க நடக்கிற திட்டம் அது. பன்னிரண்டு வயது வரையான பிள்ளைகளுக்கு. பேரைப் பதிந்தால் ஒரு குறிப்புப் புத்தகமும் ஸ்டிக்கரும் கொடுப்பார்கள். வாசித்ததைப் போய்ச் சொன்னால் இன்னும் ஸ்டிக்கர்.

கேட்க அற்பமாகத்தான் இருக்கும். எங்கள் மகன் வாசிப்பென்றால் ஓடி ஒளிகிறவன். ஒருநாள் சுறாக்களைப் பற்றிய மெல்லிய புத்தகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் மேசைக்கு முன்னால் நின்றான். அங்கே இருந்தது உயர்தரப் பள்ளி மாணவி ஒருத்தி. எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் உயர்தரப் பள்ளிப் பட்டயம் எடுக்க 40 மணித்தியாலம் தொண்டுவேலை செய்யவேணும், அதற்காக வந்திருப்பாள் என்று நினைக்கிறேன். "கதை என்ன?" என்று அவள் கேட்கவில்லை. "இதிலை எந்தச் சுறாவோடை நீ நீந்துவாய்?" என்று கேட்டாள். இவன் பக்கத்தைப் புரட்டிப் புரட்டி, ஒவ்வொரு சுறாவுக்கும் ஏன் மாட்டேன் என்று விளக்கம் சொல்லத் தொடங்கிவிட்டான். பின்னால் வரிசை நீண்டுகொண்டு போனது, அந்தப் பிள்ளை அவசரப்படவே இல்லை. வீட்டில் நாங்கள் கேட்டால் "ம்" என்பதோடு முடிகிற ஆள். வாசித்ததைக் கேட்க அம்மா அப்பா இல்லாத ஒருவர் இருக்கிறார் என்பதுதான் இந்தத் திட்டத்தின் உயிர். ஸ்டிக்கர் எல்லாம் சாட்டு.

கொமிக்ஸ் வாசித்தாலும் வாசிப்புத்தான். அதைக் கேட்டு முகம் சுளிக்கிற பெற்றோரைக் கண்டிருக்கிறேன், சுளிக்கத் தேவையில்லை.

மற்ற நிகழ்ச்சிகள் கிளைக்குக் கிளை வேறுபடும். கதைநேரம், கைவேலை, விஞ்ஞானப் பரிசோதனை என்று இணையத்தளத்து நாட்காட்டியில் இருக்கும். உங்கள் கிளையை மட்டும் பார்க்காமல் பஸ்ஸில் போகக்கூடிய நாலைந்து கிளைகளையும் சேர்த்துப் பாருங்கள். சிலதுக்கு முன்கூட்டியே பதியவேணும். வெக்கை தாங்காத நாட்களில் நிகழ்ச்சி ஒன்றும் இல்லாவிட்டாலும் போய் இருக்கலாம், குளிரூட்டி இருக்கிறது, எழுப்பி அனுப்ப ஆள் இல்லை.

பெரியவர்களுக்கான வாசிப்புப் பரிந்துரைகள் என்றால், மின்னஞ்சலில் வரும் புதுப் புத்தகச் செய்தியை மேலோட்டமாகத்தான் பார்ப்பேன். எல்லாரும் கேட்கிற புத்தகத்துக்குப் பதிவு போட்டால் நமக்கு முன்னால் நூற்றுக்கணக்கில் நிற்பார்கள். எனக்கு உதவுவது இரண்டு. ஒன்று, நூலகப் பணியாளர்கள் தாங்களே வாசித்துத் தெரிந்து போடுகிற பட்டியல்கள். மற்றது, எல்லாரும் கேட்கிற புத்தகங்களை வைக்கிற 'பெஸ்ட் பெட்ஸ்' தட்டு. அதில் உள்ள பிரதிகளுக்கு முன்பதிவும் இல்லை, புதுப்பித்தலும் இல்லை. கண்டவர் எடுத்தார். சனிக்கிழமை காலை வேளைக்கே போனால் நல்லதாக ஏதாவது மாட்டும். ஆண்டுதோறும் வரும் வாசிப்புச் சவாலிலும் சேர்ந்து பார்த்தேன். வகை வகையாக வாசிக்கச் சொல்வார்கள். எனக்கு அது வீட்டுப்பாடம் மாதிரி இருந்தது, மனைவிக்கு நன்றாகப் பிடித்துக்கொண்டது.

இடையில் 2023 ஒக்டோபர் கடைசியில் இணையத் தாக்குதல் நடந்ததை இங்குள்ளவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தாக்கியவர்கள் கேட்ட கப்பப் பணத்தைக் கட்ட நூலகம் மறுத்தது. இணையத்தளமும் பொதுக் கணினிகளும் மாதக்கணக்கில் படுத்துவிட்டன. ஆனால் கிளைகள் திறந்தே இருந்தன, புத்தகமும் இரவல் கொடுத்தார்கள். திரும்பி வந்தவற்றைக் கணக்கில் ஏற்ற வழியில்லாமல் கிட்டத்தட்ட பத்து லட்சம் புத்தகங்கள் ட்ரெய்லர்களில் அடைபட்டுக் கிடந்தன என்று அப்போது செய்திகளில் வந்தது. அந்த மாதங்களில் பட்டியலில் தேட முடியாமல் தட்டுத் தட்டாகப் பார்த்து எடுத்ததில்தான் சில நல்ல எழுத்தாளர்கள் எனக்கு அறிமுகமானார்கள்.

தமிழுக்கு வருவோம். தமிழ்ப் புத்தகங்கள் எல்லாக் கிளைகளிலும் இல்லை. நம்மவர்கள் நெருக்கமாக இருக்கிற ஸ்காபரோப் பக்கக் கிளைகளில் தேடவேணும், அல்லது வேறு கிளையில் இருப்பதைப் பதிவுசெய்து உங்கள் கிளைக்கு வரவழைக்கலாம். அதற்கும் காசில்லை. ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது: பொதுவாக நூலகங்கள் ஒரு புத்தகத்தை வைத்திருப்பதா கழிப்பதா என்று பார்க்கும்போது அது எத்தனை தரம் வெளியே போனது என்பதையும் பார்க்கும். ஆகவே அங்கேயே இருந்து வாசித்துவிட்டுத் தட்டில் வைக்காதீர்கள், அட்டையில் பதிந்து வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்.

வாசிக்கத் தெரியாத குஞ்சுகளுக்கு 'டயல் எ ஸ்டோரி' இருக்கிறது. தொலைபேசியில் கூப்பிட்டால் தமிழ் உட்படப் பல மொழிகளில் கதை சொல்லும், எந்த நேரமும். எங்கள் வீட்டில் அதற்கு முதல் ரசிகை மாமிதான். ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பேத்தியை மடியில் வைத்திருப்பார். கதை முடிந்ததும் "உது சரியில்லை, நான் சொல்லுறன் கேள்" என்று தன் பாட்டில் இன்னொரு முடிவு சொல்வார்.

வாசிப்புக் கழகத்துக்குப் பேர் பதிய யூனில் கிளைக்குப் போனால் சரி. போகும்போது பிள்ளைக்கும் தனி அட்டை ஒன்று எடுத்துக் கொடுங்கள்.